பள்ளி பாண்டு தேர்தலில் ஜெயிப்பது எப்படி: கலிபோர்னியா தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் கழிவறைக் குழாய் துருப்பிடித்தாலும், அதை மாற்றுவதற்கான பெரிய பணம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆண்டு பட்ஜெட்டில் கிடைக்காது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். சொத்து வரியை உயர்த்தலாம் என்றால், 1978இல் மாநில வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ராப் 13 அதை அசெஸ்டு மதிப்பில் (வரிக்காகக் கணக்கில் எடுக்கும் சொத்து மதிப்பு) 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. அதற்கு மேல் கட்டடத்துக்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனைச் சொத்து வரி மூலம் அடைக்க வேண்டுமானால் வாக்காளர்களின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்பதுதான் ஸ்கூல் பாண்டு மெஷர்.

ஒரு காலத்தில் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது. 2000 மார்ச்சில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று சொன்ன ப்ராப் 26 தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் 55 சதவீதம் என்று சொன்ன ப்ராப் 39 ஜெயித்தது. இன்று பெரும்பாலான பள்ளி பாண்டுகள் இந்த 55 சதவீத வழியில்தான் வருகின்றன. 54.9 கிடைத்தாலும் தோல்விதான்.

ஃப்ரீமான்ட், டப்ளின், சான் ஹோசே, எர்வைன், போவே போன்ற ஊர்களில் பள்ளியைப் பார்த்தே வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பிரசாரத்துக்கு ஆள் கேட்டால் முதலில் கை தூக்குவதும் இந்தப் பெற்றோர்கள்தான். அங்கேயே ஒரு பொறி இருக்கிறது. பெற்றோர்கள் பெற்றோர்களிடமே பேசிக்கொண்டிருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள், தேர்தலில் பாண்டு தோற்கும். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை கிடையாது. இந்த வழிகாட்டி அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

எந்த டிஸ்ட்ரிக்ட், என்ன பாண்டு

முதல் வேலை, உங்கள் வீடு எந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது என்று உறுதிப்படுத்துவது. ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஃப்ரீமான்ட் நகரின் பள்ளிகளை நடத்துவது ஃப்ரீமான்ட் யூனிஃபைடு (தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒரே டிஸ்ட்ரிக்ட்). ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது வளைகுடாவின் மறுபக்கம் கூப்பர்ட்டினோ, சன்னிவேல் பகுதிக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஊர்க் குழுவில் ஓட்டுக் கேட்கும் செய்திகள் ஒவ்வொரு தேர்தலிலும் சுற்றும். சில ஊர்களில் தொடக்கப் பள்ளிக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட், உயர்நிலைப் பள்ளிக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே தேர்தலில் பாண்டு கேட்டால் வாக்காளர் ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று போட்டுவிட்டுப் போவார். அடுத்த டிஸ்ட்ரிக்டின் திட்டம் என்ன என்று ஒரு வருடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ப்ராப் 39 பாண்டுக்கு நிபந்தனைகள் உண்டு. எந்தெந்த வேலைக்குப் பணம் போகும் என்ற பட்டியல் வாக்காளர் முன் வைக்கப்பட வேண்டும். ஆசிரியர், நிர்வாகி சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும். குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதித்தால்தான் மெஷர் வாக்குச்சீட்டுக்கே போகும். ஐந்து பேர் கொண்ட போர்டில் நான்கு பேர். ஒருவர் எதிர்ப்பை மற்றவர்கள் தாங்கலாம், இருவர் எதிர்த்தால் கதை அங்கேயே முடிந்தது.

பார்சல் டாக்ஸ் (ஒவ்வொரு மனைக்கும் போடும் தனி வரி) வேறு, பாண்டு வேறு. பார்சல் டாக்ஸ் சம்பளத்துக்கும் வகுப்புகளுக்கும் போகலாம், பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், முதியோருக்கு விலக்கு தர இடமுண்டு. பாண்டில் முதியோர் விலக்கு கிடையாது. இதைத் தெரியாமல் ஒரு தன்னார்வலர் வாசலில் நின்று "உங்களுக்கு விலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் எதிர்தரப்புத் துண்டறிக்கையில் அதுதான் தலைப்பு.

மாநிலப் பணம்

2024 நவம்பரில் நிறைவேறிய ப்ராப் 2 மாநில அளவில் 10 பில்லியன் டாலர் பாண்டு. அதில் 8.5 பில்லியன் பள்ளிகளுக்கு, மீதி கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு. ஆனால் டிஸ்ட்ரிக்ட் தன் பங்கைப் போட்டால்தான் மாநிலம் தன் பங்கைத் தரும். அடிப்படைக் கணக்கு, புதுக் கட்டடத்துக்குச் சரிபாதி, பழையதைப் புதுப்பிக்க மாநிலம் 60, டிஸ்ட்ரிக்ட் 40. ப்ராப் 2 சில டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலப் பங்கைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறது. உள்ளூர் பாண்டு இல்லாத டிஸ்ட்ரிக்ட் தன் பங்கைப் போட முடியாமல் நிற்கும், வரிசையில் அடுத்தவர் வாங்கிப் போவார். பணத்தில் கறாரானவர்களிடம் எடுபடும் வாதம் இது. டிஸ்ட்ரிக்டிடம் மாநிலப் பங்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

டிஸ்ட்ரிக்டுக்கும் பிரசாரத்துக்கும் நடுவே ஒரு கோடு

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். டிஸ்ட்ரிக்டின் பணம், ஊழியர் நேரம், பொருள், கருவி எதையும் பாண்டை ஆதரித்துப் பிரசாரம் செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று கல்விச் சட்டத்தின் 7054ஆம் பிரிவு சொல்கிறது. டிஸ்ட்ரிக்ட் நடுநிலையான தகவல் தரலாம்: எந்தப் பள்ளியில் என்ன வேலை, எவ்வளவு வரி, தேர்தல் தேதி என்ன. "ஆம் என்று போடுங்கள்" என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல, டிஸ்ட்ரிக்டுக்குச் சம்பந்தமில்லாத தன்னார்வலர் கமிட்டி வேண்டும்.

நடைமுறையில் இதன் அர்த்தம்: பள்ளி மின்னஞ்சல் முகவரியிலிருந்து பிரசாரக் கடிதம் போகக் கூடாது. பள்ளியின் ஜெராக்ஸ் மெஷினில் ஒரு தாள்கூட எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் பையில் துண்டறிக்கை வைத்து அனுப்பக் கூடாது. ரூம் பேரன்ட் என்ற முறையில் உங்களுக்குக் கிடைத்த வகுப்புப் பெற்றோர் பட்டியலைப் பிரசாரத்துக்கு எடுக்காதீர்கள். ஆசிரியரும் பிரின்சிபலும் பணி நேரம் முடிந்தபின், சொந்த போனில், சொந்த நேரத்தில் தாராளமாக வேலை செய்யலாம். பாண்டு கேட்கலாமா என்று பார்க்கும் ஆரம்பக் கருத்துக்கணிப்புக்கு டிஸ்ட்ரிக்ட் செலவு செய்யலாம். போர்டு தீர்மானம் போட்ட பிறகு பிரசார உத்திக்காக எடுக்கும் கணிப்பு கமிட்டி பணத்தில்தான்.

ஆலோசகர் நிறுவனங்களிடமும் கவனம். பாண்டு ஜெயித்தபின் வேலை தருகிறோம், அதற்குப் பதில் பிரசாரத்துக்குப் பணம் திரட்டிக் கொடு என்ற ஏற்பாடு சட்டவிரோதம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2016இல் கருத்துரை வெளியிட்டிருக்கிறார். கட்டட நிறுவனங்கள் நன்கொடை தருவது சட்டப்படி சரிதான். ஆனால் உங்கள் கணக்கு முழுக்க அவர்கள் பெயராக இருந்தால் யாராவது ஒரு பக்கத்தில் அதை அச்சடித்து ஊருக்குக் கொடுப்பார்கள். கால்வாசியாவது ஊர்க்காரர்களின் சிறு தொகையாக இருக்கட்டும்.

நாட்காட்டி

2026 நவம்பர் 3 பொதுத் தேர்தலை எடுத்துக்கொண்டால் பின்னோக்கி எண்ண வேண்டிய தேதிகள் இவை.

- ஆகஸ்ட் 7: தேர்தலுக்கு 88 நாள் முன். போர்டு தீர்மானம் கவுண்டியிடம் (தேர்தலை நடத்தும் மாவட்ட நிர்வாகம்) போய்ச் சேர வேண்டிய கடைசி நாள்.
- அதற்குப் பிறகு சில நாட்களுக்குள்: ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள். தலா 300 சொல், ஐந்து பேர் வரை கையெழுத்து. பதில் வாதம் 250 சொல். தேதியைக் கவுண்டி முடிவு செய்யும்.
- செப்டம்பர் 24, அக்டோபர் 22: தேர்தலுக்கு முந்தைய இரண்டு வரவுசெலவு அறிக்கைகள்.
- அக்டோபர் 5: தபால் வாக்குச்சீட்டு எல்லா வாக்காளருக்கும் போகத் தொடங்கும்.
- அக்டோபர் 19: வழக்கமான வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள். அதன்பிறகும் நேரில் போய் நிபந்தனைப் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம்.
- நவம்பர் 10: தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த சீட்டுகள் வந்து சேரக் கடைசி நாள்.

ஆகஸ்டில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைத்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கருத்துக்கணிப்பு, வேலைப் பட்டியல், ஊரில் மதிப்புள்ளவர்களைப் பார்த்துப் பேசுவது எல்லாம் முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். 400 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு ஏறத்தாழ 5 புள்ளி. 57 சதவீதம் ஆதரவு என்று வந்தால் கொண்டாடாதீர்கள், அது 52ஆகவும் இருக்கலாம். எதிர்தரப்பு வாதங்களையும் படித்துக் காட்டிய பிறகு 60ஐ ஒட்டி நின்றால் அந்தத் தொகையோடு போகலாம். இல்லாவிட்டால் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அடுத்த தேர்தலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். போர்டுக்கு இதைச் சொல்ல யாருக்கும் மனசு வராது. சொல்லத்தான் வேண்டும்.

வாக்குச்சீட்டில் வரும் கேள்விக்கு 75 சொல்தான் இடம். பெரும்பாலான வாக்காளர் படிப்பது அதை மட்டுமே. "கற்றல் சூழலை மேம்படுத்த" போன்ற பஞ்சுச் சொற்களுக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள். ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, ஈயக் குழாய், பூட்ட முடியாத வகுப்பறைக் கதவு: கண்ணால் பார்க்கக்கூடியதை முதலில் வைக்கச் சொல்லுங்கள். அவை அனைத்தும் உங்கள் டிஸ்ட்ரிக்டில் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டை அச்சேற்றுவது கவுண்டி, வாசகத்தை எழுதுவது டிஸ்ட்ரிக்டும் அதன் வழக்கறிஞரும். உங்கள் யோசனை தீர்மானத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

ஆதரவு வாதத்தில் யார் கையெழுத்திடுகிறார்கள் என்பது வாதத்தைவிட முக்கியம். போர்டு தலைவரும் பெற்றோர் சங்கத் தலைவரும் கையெழுத்திட்டால் ஒரு ஓட்டுகூட அதிகமாக வராது, அவர்கள் ஆதரிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற ஒருவர், ஊரில் நீண்ட நாள் கடை வைத்திருப்பவர், தீயணைப்பு வீரர், முடிந்தால் வரிச் செலவைக் கேள்வி கேட்பதில் பெயர் எடுத்த ஒருவர். உள்ளூர் வரி செலுத்துவோர் சங்கம் இருந்தால் தீர்மானத்துக்கு முன்பே போய் அவர்கள் கேள்விகளுக்கு டிஸ்ட்ரிக்டிடம் பதில் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் ஆதரிக்காவிட்டாலும் பரவாயில்லை. எதிர்ப்பு வாதம் எழுதாமல் விட்டாலே உங்களுக்குச் சில புள்ளிகள் மிச்சம்.

கமிட்டி, கணக்கு, படிவம்

2,000 டாலர் திரட்டியதும் நீங்கள் சட்டப்படி ஒரு கமிட்டி. பத்து நாட்களுக்குள் படிவம் 410 தாக்கல் செய்து எண் வாங்க வேண்டும், ஆண்டுக் கட்டணம் 50 டாலர். பொருளாளர் இல்லாமல் ஒரு டாலர் வாங்கவோ செலவழிக்கவோ கூடாது. ஊரிலேயே அதிகம் பேசுகிறவரைத் தலைவராக்குங்கள், ஆனால் பொருளாளர் ரசீதைத் தூக்கிப்போடாத ஆளாக இருக்க வேண்டும். ஐஆர்எஸ்ஸிடம் வரி எண் வாங்கித் தனி வங்கிக் கணக்கு திறங்கள். யாருடைய சொந்தக் கணக்கிலும் பணம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது.

100 டாலரும் அதற்கு மேலும் தருபவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் நான்கும் வேண்டும். ரொக்கமாக 100 டாலரோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒரே ஆளிடமிருந்து 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 497. மற்ற வரவுசெலவு படிவம் 460இல். தாமதமானால் அபராதம் உண்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியும் வரும். இதையெல்லாம் மேற்பார்ப்பது எஃப்.பி.பி.சி. என்ற மாநில ஆணையம். அவர்களுடைய ஆலோசனை மின்னஞ்சலுக்கு உண்மையிலேயே பதில் வரும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: எச்-1பி, எச்-4, எல்-1 விசாவில் இருப்பவர்களிடம் நன்கொடை வாங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் தரலாம். ஓட்டுப் போடவோ வாக்காளராகப் பதியவோ குடியுரிமை வேண்டும், இதில் விளையாட்டே கூடாது. தவறிப் பதிவு செய்தால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே அது பாதிக்கும். சம்பளமில்லாமல் உழைப்பது நன்கொடைக் கணக்கில் வராது. விசாவில் இருப்பவர்கள் சமையல், பிரசார போர்டு (பலகை) நடுவது, பட்டியலைச் சரிபார்ப்பது என்று உதவலாம். வாசலுக்குப் போகும்போது வாக்காளரான ஒருவரோடு ஜோடியாக அனுப்புங்கள். "நானும் இந்த ஊரில் ஓட்டுப் போடுகிறேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

எத்தனை ஓட்டு

கணக்கு இப்படிப் போகும். டிஸ்ட்ரிக்டில் 40,000 வாக்காளர்கள் என்று வைப்போம். முன்பு இதேபோன்ற தேர்தலில் 70 சதவீதம் ஓட்டு விழுந்திருந்தால் 28,000. வாக்குச்சீட்டின் அடிவரைக்கும் எல்லாரும் வருவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் பாண்டுக் கேள்வியைத் தொடாமல் விட்டால் 25,200. இதில் 55 சதவீதம் 13,860. காலியாக விட்ட சீட்டு எந்தப் பக்கமும் சேராது என்பதால் இந்தக் கழித்தல் முக்கியம். உங்கள் குறி 57 சதவீதம், அதாவது சுமார் 14,400 ஆக இருக்கட்டும்.

வாக்காளர் பட்டியலைக் கவுண்டி ரெஜிஸ்ட்ராரிடம் விண்ணப்பித்து வாங்கலாம். பெயர், முகவரி, கட்சிப் பதிவு, முந்தைய எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பது இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. பட்டியலைத் தேர்தல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்று கையெழுத்திட்டு வாங்குகிறீர்கள். அதை யார் வேண்டுமானாலும் திறக்கும் கூகுள் ஷீட்டில் போட்டுவிடாதீர்கள், ரியல் எஸ்டேட் நண்பருக்கும் கொடுக்காதீர்கள்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். குடியுரிமை உள்ள, ஆனால் எப்போதாவது மட்டும் ஓட்டுப் போடும் பெற்றோர்கள்: இவர்களை நம்பவைக்க வேண்டியதில்லை, நினைவூட்ட வேண்டும். தவறாமல் ஓட்டுப் போடும், பள்ளிப் பிள்ளை இல்லாத வீடுகள்: இவர்களிடம்தான் பேச வேண்டும், தன்னார்வலர் பலத்தில் பெரும்பகுதி இங்கே. எந்த வரிக்கும் இல்லை என்பவர்கள்: விட்டுவிடுங்கள். அவர்களை மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு மணி நேரம் வாதாடும் தன்னார்வலர் எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு போர்டு நடும் வேலை கொடுங்கள்.

ஒருவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 கதவு தட்டலாம், மூன்றில் ஒன்று திறக்கும். இருபது பேர், வாரம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், எட்டு வாரம் என்றால் 4,800 கதவு, 1,600 பேச்சு. 25,200 ஓட்டில் இது எவ்வளவு என்று பாருங்கள். அதனால்தான் தெரு தெருவாகப் போகாமல் பட்டியல்படி போக வேண்டும்.

"எனக்கு எவ்வளவு வரும்?"

பிரசாரம் நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான். ப்ராப் 39 பாண்டுக்கு வரம்பு உண்டு: யூனிஃபைடு டிஸ்ட்ரிக்டில் ஒரு லட்சம் டாலர் அசெஸ்டு மதிப்புக்கு 60 டாலர், தனித் தொடக்கப் பள்ளி அல்லது ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் 30, கம்யூனிட்டி கல்லூரியில் 25. இது ஒரு தேர்தலில் கேட்கும் பாண்டுக்கான மதிப்பீட்டு வரம்பு. முந்தைய பாண்டுகளின் வரி தனி, அது இதோடு சேரும். "அறுபதுக்கு மேல் போகவே போகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள்.

கணக்கு போடுவது அசெஸ்டு மதிப்பில், சந்தை விலையில் இல்லை. ப்ராப் 13 படி வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் அது ஏறும். ஒரே தெருவில் ஒரே அளவில் இரண்டு வீடு என்று வையுங்கள். முப்பது வருடம் முன் வாங்கியவரின் அசெஸ்டு மதிப்பு 3.2 லட்சம் டாலர். போன வருடம் வாங்கிய தமிழ்க் குடும்பத்தின் மதிப்பு 18 லட்சம். லட்சத்துக்கு 45 டாலர் என்றால் அவருக்கு ஆண்டுக்கு 144, இவர்களுக்கு 810. அதிகம் கட்டப்போகிறவர்கள் ஆதரிக்கிறார்கள், குறைவாகக் கட்டப்போகிறவர் பயப்படுகிறார், அவர்தான் தவறாமல் ஓட்டும் போடுகிறார். அந்த 144ஐ அவர் வாயால் கணக்குப் போட வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு அவருடைய சொத்து வரி பில்லே போதும். பில்லில் மேலே அசெஸ்டு மதிப்பு, அதன் கீழ் 1 சதவீதப் பொது வரி, அதற்குக் கீழே ஒவ்வொரு பாண்டும் தனித்தனி வரியாகச் சின்ன சின்ன சதவீதத்தில் இருக்கும். லட்சத்துக்கு 45 டாலர் என்பது அங்கே 0.045 சதவீதம். இன்னொரு சங்கடம்: அந்த பில் வருவது அக்டோபரில், வாக்குச்சீட்டு வருவதும் அக்டோபரில். பில்லைப் பிரித்த கையோடு சீட்டைப் பிரிப்பவர் எந்த மனநிலையில் இருப்பார் என்று யோசித்து, வரி பற்றிய பேச்சை செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

பழைய பாண்டு அடைபட்டு, அதே விகிதத்தில் புதியது தொடர்வதாக இருந்தால் "வரி விகிதம் உயராது" என்று சொல்லலாம். "வரி இல்லை" என்று சொல்லக் கூடாது. பாண்டு தோற்றிருந்தால் அந்த வரி குறைந்திருக்கும் என்பதை எதிர்தரப்பு சரியாகவே சுட்டிக்காட்டும்.

போவேயைப் பற்றிக் கேட்பார்கள், தெரிந்து வைத்திருங்கள். 2011இல் போவே யூனிஃபைடு ஏறத்தாழ 105 மில்லியன் டாலர் வாங்கியது. பல ஆண்டு எதுவும் கட்டாமல் வட்டி குட்டி போட்டுப் பெருகும் வகைப் பத்திரம் என்பதால், திருப்பிக் கட்ட வேண்டிய தொகை சுமார் 980 மில்லியன் ஆனது. அதன் பிறகு 2013இல் வந்த சட்டம் மொத்தத் திருப்பித் தொகை அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும், இவ்வகைப் பத்திரங்களுக்கு 25 ஆண்டுதான் என்றும் கட்டுப்படுத்தியது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் அந்த வகைப் பத்திரம் வெளியிடுமா என்று நிதி அதிகாரியிடம் கேட்டு, பதிலைத் தன்னார்வலர் கையேட்டில் எழுதிவிடுங்கள்.

வாசலில்

மொத்தப் பேச்சும் மூன்று நிமிடம். பெயர் சொல்லி, தன்னார்வலர் என்று சொல்லி, ஒரு பள்ளியில் ஒரு குறையைச் சொல்லி, ஓட்டைக் கேளுங்கள். கேட்காமல் திரும்பி வருவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. தமிழ் வீட்டில் தாத்தா கதவைத் திறந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"வணக்கம் அங்கிள். நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். ஸ்கூல் பாண்டு விஷயமா வந்தேன், ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"எங்க வீட்டுப் பசங்கல்லாம் படிச்சு முடிச்சு வேலைக்கே போயாச்சும்மா. எனக்கு எதுக்கு?"

"சரிதான் அங்கிள். அவங்க படிச்ச அதே கட்டடம்தான் இன்னும் இருக்கு. மழை வந்தா மூணு கிளாஸ்ல பக்கெட் வைக்கிறாங்க. உங்க பில்லுல அசெஸ்டு வேல்யூ எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

"மூணு லட்சத்துச் சொச்சம்."

"அப்ப வருஷத்துக்கு நூத்தி நாப்பது டாலர் கிட்ட வரும். சம்பளத்துக்குப் போகாது, கட்டடத்துக்கு மட்டும். உங்க ஓட்டு கிடைக்குமா அங்கிள்?"

பக்கெட் எந்தப் பள்ளியில் என்பது உண்மையாக இருக்க வேண்டும், எண்ணும் உங்கள் மெஷரின் எண்ணாக இருக்க வேண்டும். பதிலை அந்த இடத்திலேயே ஒன்றிலிருந்து ஐந்து வரை குறித்துக்கொள்ளுங்கள்: 1 உறுதியான ஆம், 5 உறுதியான இல்லை. 4, 5 வீடுகளுக்குத் திரும்பப் போகாதீர்கள், போன் செய்யாதீர்கள். அவர்களுக்குத் தேர்தல் தேதியை நினைவூட்டுவது எதிர்தரப்புக்குச் செய்யும் சேவை.

"ஒரு வகுப்பறைக்கு இவ்வளவா? என் வீட்டையே அதில் பாதிக்குக் கட்டினேன்" என்ற கேள்விக்கு நல்ல பதில் உண்டு. 1933 மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. அது நடந்தது மாலையில், பிள்ளைகள் உள்ளே இல்லை. அடுத்த மாதமே வந்த ஃபீல்டு சட்டப்படி பொதுப் பள்ளிக் கட்டட வரைபடத்துக்கு மாநில ஒப்புதல் வேண்டும், கட்டும்போதும் ஆய்வாளர் உடனிருக்க வேண்டும். விலையில் ஒரு பகுதி அதற்குத்தான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் எழுதிக்கொண்டு வந்து, மறுநாள் பதில் சொல்லுங்கள். வாசலில் நின்று கற்பனையில் பதில் கட்டுவது தடை.

பிரசார போர்டு, தபால், குறுஞ்செய்தி

மெஷருக்கான ஆங்கில எழுத்தை (மெஷர் A, மெஷர் B என்பதுபோல) கவுண்டி ஒதுக்கும் வரை எதையும் அச்சடிக்காதீர்கள். தபால்பெட்டிக்குள் முத்திரையில்லாத துண்டறிக்கை போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம், கதவிடுக்கில் வையுங்கள். நடைபாதை ஓரப் பொது இடத்தில் போர்டு நட்டால் நகராட்சி பிடுங்கிப்போகும், வீட்டுக்காரர் சம்மதத்தோடு புல்வெளியில் நடுங்கள். அச்சுத்தாள், இணைய விளம்பரம், போர்டு எதுவானாலும் யார் பணம் கொடுத்தது என்ற வரி சட்டம் சொல்லும் அளவில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்ப போன் நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவு தேவை, அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், எனவே ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். பிரசார போர்டு ஓட்டு வாங்கித் தராது. ஆனால் போர்டு இல்லாவிட்டால் தன்னார்வலர்கள் சோர்ந்துபோவார்கள், அதற்காகவாவது கொஞ்சம் செலவழிக்கலாம்.

கடைசி 29 நாள்

தேர்தல் என்பது நவம்பரில் ஒரு நாள் இல்லை, அக்டோபர் முழுவதும். முதல் வாரத்தில் சீட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களில் முதியோர் அதிகம், அதனால் அவர்களுக்கான பிரசாரத் தபால், வாக்குச்சீட்டு வருவதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். யாருடைய சீட்டு வந்து சேர்ந்தது என்ற பட்டியலைக் கவுண்டியிடமிருந்து அவ்வப்போது வாங்கி, வந்தவர்களை அடித்துவிட்டு, மீதமுள்ள 1, 2 வீடுகளை மட்டும் தொடருங்கள். கடைசி வாரத்தில் தினமும்.

அடுத்தவர் சீட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் கமிட்டி ஆட்கள் யாருடைய சீட்டையும் தொட வேண்டாம் என்று கண்டிப்பாக வையுங்கள். வாக்குமையத்துக்கும் பெட்டிக்கும் 100 அடிக்குள் பிரசாரச் சட்டைகூடக் கூடாது. உறையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். கையெழுத்து பொருந்தாவிட்டால் கவுண்டியிலிருந்து கடிதம் வரும். அதற்குப் பதில் அனுப்பினால்தான் ஓட்டு எண்ணப்படும், நெருக்கமான போட்டியில் இந்தக் கடிதங்களே முடிவை மாற்றும்.

எண்ணிக்கையும் அதன் பிறகும்

இரவு எட்டு மணிக்கு வரும் முதல் எண்ணிக்கை முன்கூட்டியே வந்த சீட்டுகள். அதில் 53.8 இருந்தால் மண்டபத்தைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். தாமதமாக வரும் சீட்டுகளில் இளையவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் அதிகம், பள்ளி பாண்டுகள் பெரும்பாலும் நாளாக நாளாக மேலே ஏறும். கவுண்டி முடிவை உறுதிசெய்யச் சில வாரம் ஆகும். அதுவரை நன்றி அறிக்கையும் வேண்டாம், தோல்வி அறிக்கையும் வேண்டாம்.

ஜெயித்தால், முடிவு ஸ்கூல் போர்டின் கூட்டக் குறிப்பில் பதிவான 60 நாளுக்குள் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். குறைந்தது ஏழு பேர்: வணிக அமைப்பு, முதியோர் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர், ஒரு பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயல்படும் இன்னொரு பெற்றோர், மற்றவர்கள் பொதுவாக. டிஸ்ட்ரிக்ட் ஊழியரும் ஒப்பந்ததாரரும் இருக்க முடியாது. வாசலில் கடினமாகக் கேள்வி கேட்டவர்களை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அந்த இருக்கைகளுக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம்.

தோற்றால், வாக்குச்சாவடிவாரி முடிவை வாங்கி உங்கள் 1, 2 குறிகளோடு ஒப்பிடுங்கள். ஆதரவு இருந்தும் ஓட்டு வராத பகுதி ஒன்று, ஓட்டு வந்தும் எதிராக விழுந்த பகுதி இன்னொன்று. முதலாவதற்கு நினைவூட்டல் வேலை, இரண்டாவதற்குத் தொகையையோ பட்டியலையோ மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று அதே மெஷரை அடுத்த தேர்தலில் அப்படியே கொண்டுவந்தால் அதே பதில்தான் வரும்.

எப்படி முடிந்தாலும் போர்டுகளைப் பிடுங்கி, பாக்கிகளைக் கொடுத்து, கணக்கை மூடி, கடைசிப் படிவம் 460ஐயும் கமிட்டியை முடிக்கும் 410ஐயும் தாக்கல் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு 50 டாலர் கட்டணமும் அரையாண்டு அறிக்கைகளும் தொடர்ந்து வரும். ரசீதுகளையும் நன்கொடைப் பதிவுகளையும் நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி யார் வீட்டு கராஜில் இருக்கும் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.